வெப்பத்தைக் காத்து அளந்தவர்

பௌதிகம் பயிலும் நம்மிற் பலருக்கு ஜூல் என்பது ஒரு மனிதரின் பெயர் என்பதே மறந்துபோகிறது. கணக்கின் முடிவில் விடைக்குப் பின்னால் எழுதும் ஒரு சொல்லாக அது நின்றுவிடுகிறது. மின்சாரக் கட்டணச் சீட்டில் ஒரு யூனிட் என்று போட்டிருப்பது முப்பத்தாறு லட்சம் ஜூல். உணவுப் பொருளின் கலோரிக் கணக்கில் ஒரு கிலோகலோரி என்பது ஏறத்தாழ 4,200 ஜூல். இவ்வாறு நாள்தோறும் நம் கையில் புழங்கும் பெயருக்கு உரியவர் யார்? அவர் எந்தக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார்? எந்தப் பட்டம் பெற்றார்?

அவர் எந்தக் கல்லூரியிலும் பேராசிரியராக இருந்ததில்லை. படித்துத் தேறிய பட்டமும் அவருக்கு இல்லை. அவர் ஒரு பீர் ஆலை முதலாளியின் மகன். தாமும் அந்த ஆலையைக் கவனித்துக்கொண்டவர். ஆலைக் கணக்கைப் பார்த்த நேரம் போக மிஞ்சிய நேரத்தில் உலகின் மிகப் பெரிய விதிகளில் ஒன்றை நிலைநாட்டினார். சக்தி அழிவதில்லை, உருமாறுகிறது என்று இன்று பள்ளிச் சிறுவனும் ஒப்பிக்கிறான். அதைச் சொல்லுதல் எளிது. அளந்து காட்டுதல் அரிது. அளந்து காட்டியவர் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல்.

அவர் வரலாற்றை நம் சங்க மலரில் எழுதவேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம் ஒரு பாத்திரம். அந்தப் பாத்திரத்திலிருந்தே தொடங்குகிறேன்.

ஊறல் தொட்டி

மதுவைப் பற்றி எழுத வந்தேனோ என்று நண்பர்கள் முகம் சுளிக்க வேண்டா. நான் எழுத வந்தது குடியைப் பற்றியன்று; சூட்டைப் பற்றி.

பார்லியை நனைத்து, முளைக்கவிட்டு, உலர்த்தி எடுத்தால் அது மால்ட் ஆகிறது. மால்ட்டை உடைத்து வெந்நீரில் ஊறவைப்பதே பீர் செய்வதில் முதல் வேலை. முளைத்த தானியத்தில் நொதிகள் இருக்கின்றன. அவை வெந்நீரில் விழித்துக்கொண்டு தானியத்தின் மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. 1833ஆம் ஆண்டு பாரிஸில் பேயன், பெர்சோ என்ற இரு வேதியியலார் இந்த நொதியைப் பிரித்தெடுத்து டயஸ்டேஸ் என்று பெயரிட்டனர். உண்மையில் முக்கியமான நொதிகள் இரண்டு. ஒன்றுக்கு 60 முதல் 65 டிகிரி செண்டிகிரேட் வரை உள்ள சூடு பிடிக்கும். மற்றொன்றுக்கு 70 டிகிரியை ஒட்டிய சூடு பிடிக்கும். இரண்டுக்கும் பொதுவாக 65 முதல் 68 டிகிரி வரை ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஊறலை வைத்திருக்க வேண்டும். சூடு தணிந்தால் வேலை மந்தப்படும். 80 டிகிரிக்கு மேல் போனால் நொதிகள் கெட்டு, வேலை நின்றே போகும்.

இந்த ஊறலை வைத்துக் காக்கும் பாத்திரத்துக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் மாஷ் டன். நாம் ஊறல் தொட்டி எனலாம். ஜூல் காலத்து ஆலைகளில் அது பெரிய மரத்தொட்டியாகவோ இரும்புத்தொட்டியாகவோ இருந்தது. இன்று இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வீட்டளவில் பீர் செய்வோர் அதைத் தாமே அமைத்துக்கொள்கின்றனர். உல்லாசப் பயணத்துக்குப் பனிக்கட்டி கொண்டுபோகும் இரட்டைச் சுவர்ப் பெட்டி ஒன்றை வாங்குகிறார்கள். இரண்டு சுவருக்கும் நடுவே நுரைப்பொருள் அடைத்திருக்கும். குளிரை உள்ளே காக்கும் பெட்டி சூட்டையும் உள்ளே காக்குமன்றோ? அடியில் ஒரு துளையிட்டு, ரப்பர் வளையம் வைத்துக் குழாய் பொருத்துகிறார்கள். தானியம் தங்கிச் சாறு மட்டும் வடிய, உள்ளே சிறு துளைகளிட்ட செம்புக் குழாயோ எஃகு வலையோ போடுகிறார்கள். மூடி உட்கூடாக இருந்தால் அதனுள்ளும் நுரையை அடைத்து விடுகிறார்கள். சூடு மேல்வழியாகவே மிகுதியாக ஓடிப்போகும். இவ்வளவு செய்தால் ஒரு மணி நேரத்தில் ஒன்றிரண்டு டிகிரிக்குமேல் சூடு இறங்காது, அடுப்பும் வேண்டியதில்லை.

இதில் ஓர் அழகான கணக்கு உண்டு. 20 டிகிரியில் இருக்கும் 5 கிலோ மால்ட்டின்மேல் 15 லிட்டர் வெந்நீரை ஊற்றி, கலவை 66 டிகிரியில் நிற்கவேண்டும் என்று கொள்வோம். வெந்நீர் எத்தனை டிகிரியில் இருக்கவேண்டும்? மால்ட்டின் வெப்ப எண் தண்ணீரினுடையதில் ஏறக்குறைய 0.4 பங்கு. மால்ட் 46 டிகிரி ஏறவேண்டும். 5 கிலோவை 0.4ஆலும் 46ஆலும் பெருக்கினால் 92 கிலோகலோரி. அதைப் 15 கிலோ தண்ணீர் கொடுக்கவேண்டுமானால் அது ஆறு டிகிரிக்குச் சற்று மேல் இறங்கவேண்டும். ஆகவே வெந்நீர் 72 டிகிரி. ஆனால் கணக்கு அங்கே முடியவில்லை. தொட்டியும் தன் பங்குக்குச் சூட்டைக் குடிக்கும். அதனால் முதலில் கொஞ்சம் கொதிநீர் ஊற்றித் தொட்டியைச் சூடாக்கிக் கொட்டிவிடவேண்டும்; அல்லது தொட்டியின் நீர்ச்சமானத்தையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

வடநாட்டுக் குளிரில் இட்லி மாவு பொங்கவில்லை என்று பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றி வைத்த அனுபவம் நம் விடுதி நண்பர்கள் எல்லோருக்கும் இருக்கும். கம்பளி சூட்டை உண்டாக்குவதில்லை. இருப்பதைப் போகாமல் பிடித்துவைக்கிறது. இந்தக் கணக்கையும் இந்தக் கம்பளியையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஜூலின் வாழ்க்கை முழுவதும் இவ்விரண்டிலும் அடங்கும்.

ஆலை வீட்டுப் பிள்ளை

ஜூல் 1818ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள், மான்செஸ்டரை ஒட்டிய சால்போர்டு நகரில் பிறந்தார். தந்தையார் பெஞ்சமின் ஜூல், செல்வம் மிக்க பீர் ஆலை முதலாளி. தாயார் பெயர் ஆலிஸ் பிரெஸ்காட். சிறுவயதில் ஜேம்ஸ் மெலிந்த உடலினர். முதுகெலும்பில் கோளாறு இருந்தது. பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிப்பித்தனர். கூச்சம் அவர் கூடவே வளர்ந்தது. கடைசி வரையிலும் அவர் நாவன்மை படைத்த பேச்சாளர் ஆகவில்லை.

ஆனால் ஓர் அரிய ஆசிரியர் அவருக்கு வாய்த்தார். பதினாறாம் வயதையொட்டி அவரையும் அண்ணனையும் தந்தையார் மான்செஸ்டரில் இருந்த முதியவர் ஒருவரிடம் பாடம் கேட்க அனுப்பினார். அம்முதியவர் அணுக்கொள்கை தந்த ஜான் டால்டன். உலகப் புகழ் பெற்ற பின்னும் டால்டன் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவர். ஜூல் சகோதரர்களுக்கும் முதலில் எண்கணிதமும் வடிவகணிதமும்தான் கற்பித்தார். 1837இல் டால்டனைப் பக்கவாதம் தாக்கியதால் பாடம் நின்றது. இரண்டு ஆண்டுப் பாடம்தான். ஆயினும் அளவில் நம்பிக்கை வைக்கும் பழக்கம் அங்கே மாணவரிடம் ஊன்றிவிட்டது.

பதின்பருவத்திலேயே ஜூல் ஆலை வேலையிலும் இறங்கினார். ஆங்கில பீர் ஆலைகளுக்கு வெப்பமானி புதிதன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே அது அங்கே புகுந்துவிட்டது. ஊறலின் சூடு தவறினால் சரக்கு கெடும். எனவே ஆலையில் வளர்ந்தவனுக்கு வெப்பமானி என்பது தராசுபோல் அன்றாடக் கருவி. ஜூலின் பிற்கால நுட்பத்துக்கு ஆலைப் பயிற்சியே அடிப்படை என்று விஞ்ஞான வரலாற்றாசிரியர் சிலர் கருதுகின்றனர். அக்கருத்து எனக்கும் பொருத்தமாகவே தோன்றுகிறது.

துத்தநாகமா, நிலக்கரியா?

ஜூலின் முதல் ஆசை வணிகருக்குரிய ஆசைதான். அப்போது மின் மோட்டார் புதிதாக வந்திருந்தது. நீராவி எஞ்சினை எடுத்துவிட்டு மின்கலத்தால் ஓடும் மோட்டாரை வைத்தால் செலவு குறையுமா என்று 1838ஐ ஒட்டிய ஆண்டுகளில் சோதித்தார். மின்கலத்தில் கரைவது துத்தநாகம். எஞ்சினில் எரிவது நிலக்கரி. ஒரு ராத்தல் துத்தநாகம் எவ்வளவு பாரத்தைத் தூக்குகிறது, ஒரு ராத்தல் நிலக்கரி எவ்வளவு தூக்குகிறது என்று ஒப்பிட்டார். துத்தநாகத்தின் வேலை நிலக்கரியின் வேலையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் தேறியது. விலையோ பலமடங்கு. வணிகர் என்ற முறையில் அவர் தோற்றார். விஞ்ஞானி அங்கேதான் பிறந்தார். ஒரு வேலைக்கு இவ்வளவுதான் கிடைக்கும், அதற்குமேல் கிடைக்காது என்று இயற்கை ஏதோ ஒரு கணக்கை வைத்திருக்கிறது என்பது அவருக்குப் புலப்பட்டது.

1840ஆம் ஆண்டு, இருபத்திரண்டு வயது நிறையுமுன்பே, கம்பியில் மின்னோட்டத்தால் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருபடிக்கும் தடைக்கும் ஏற்ப அமையும் என்று கண்டார். நாம் இண்டர்மீடியட்டில் படித்த ஜூல் விதி அதுவே.

அடுத்த கேள்வி பெரிது. அந்த வெப்பம் எங்கிருந்து வந்தது? அக்காலத்து அறிஞர் பலர் வெப்பத்தைக் கலோரிக் என்ற ஒரு நுண்ணிய திரவம் என்று நம்பினர். அது ஒரு பொருளிலிருந்து மற்றொரு பொருளுக்குப் பாயும். ஆனால் புதிதாகத் தோன்றாது, அழியாது என்பது கொள்கை. 1798இல் ரம்போர்டு பிரபு, பீரங்கியைத் துளையிடும்போது உராய்வினால் வெப்பம் வற்றாமல் வந்துகொண்டே இருப்பதைக் காட்டி இக்கொள்கையை அசைத்தார். அசைந்ததேயொழிய அது விழவில்லை.

ஜூல் ஒரு கம்பிச் சுருளைத் தண்ணீர்க் குழாய்க்குள் அடைத்து, காந்தங்களுக்கு நடுவே சுழற்றினார். சுழலும் சுருளில் மின்சாரம் பிறந்தது, தண்ணீர் சூடேறியது. இங்கே மின்கலம் இல்லை, நெருப்பு இல்லை. சுழற்றும் வேலை ஒன்றுதான் உண்டு. பாரம் கீழே இறங்கிச் சுருளைச் சுழற்றும்படி அமைத்து, எவ்வளவு பாரம் எவ்வளவு இறங்கினால் எவ்வளவு சூடு என்று அளந்தார். ஒரு ராத்தல் தண்ணீரை ஒரு பாரன்ஹீட் டிகிரி சூடாக்க 838 அடி-ராத்தல் வேலை வேண்டும் என்று கணக்கு வந்தது. 1843 ஆகஸ்டில் அயர்லாந்தின் கார்க் நகரில் கூடிய பிரிட்டிஷ் அசோசியேஷன் கூட்டத்தில் இதைப் படித்தார். அப்போது அவருக்கு வயது 24. கூட்டம் பேசாமல் கேட்டது, பேசாமல் கலைந்தது.

காற்றை அழுத்தினால் எவ்வளவு சூடேறுகிறது என்பதை அடுத்து அளந்து ராயல் சொஸைட்டிக்கு எழுதினார். அவர்கள் கட்டுரையை முழுமையாக வெளியிடவில்லை. சுருக்கத்தை மட்டும் போட்டார்கள். ஜூல் அதை வேறு பத்திரிகைக்கு அனுப்பி 1845இல் அச்சேற்றினார்.

துடுப்புச் சக்கரம்

பிறகு வந்தது எல்லாப் பாடப்புத்தகத்திலும் படம் போட்டிருக்கும் அந்தக் கருவி. மூடிய செம்புப் பாத்திரம், உள்ளே தண்ணீர், தண்ணீரில் பித்தளைத் துடுப்புச் சக்கரம். இரண்டு பாரங்கள் நூலில் இறங்கச் சக்கரம் சுழல்கிறது. தண்ணீர் உராய்ந்து சூடேறுகிறது. படத்தைப் பார்த்தால் மோர் கடைவதுபோல எளிதாகத்தான் தெரியும். 1849இல் அவர் முடித்த சோதனையின் எண்களைப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும்.

ஒவ்வொரு பாரமும் ஏறத்தாழ 29 ராத்தல் ஈயம். அது இறங்கும் உயரம் 63 அங்குலம், அதாவது ஐந்தேகால் அடி. இறங்கிய பாரத்தை மீண்டும் ஏற்றி, இருபது முறை இறக்கவேண்டும். இதற்கு 35 நிமிடம். 58 ராத்தல், ஐந்தேகால் அடி, இருபது முறை: மொத்தம் சுமார் ஆறாயிரம் அடி-ராத்தல். இவ்வளவு பாடுபட்டபின் தண்ணீரின் சூடு எவ்வளவு ஏறியது? ஒரு பாரன்ஹீட் டிகிரியில் பாதிக்குச் சற்று மேல், ஏறக்குறைய 0.57 டிகிரி. அவ்வளவுதான்.

அரை டிகிரி! சோதனை செய்பவர் அருகில் நின்றால் அவர் உடற்சூடே கணக்கைக் கெடுத்துவிடும். இங்கேதான் ஊறல் தொட்டியின் பாடம் உதவுகிறது. பாத்திரத்துக்கும் தமக்கும் நடுவே ஜூல் பெரிய மரத்தட்டி ஒன்றை நிறுத்தினார். பாத்திரத்தை வைத்த மரமணையில் பள்ளங்கள் வெட்டி, மரம் சில இடங்களில் மட்டுமே செம்பைத் தொடும்படி செய்தார். சக்கரத்தின் அச்சு வழியாகச் சூடு வெளியேறாதபடி நடுவே ஒரு மரத்துண்டைப் பொருத்தினார். சோதனையை நடத்தியதோ நிலவறையில். ஒரே சீரான வெப்பநிலை கிடைப்பதற்கு நிலவறையை விடச் சிறந்த ஆய்வுக்கூடம் இல்லை என்பது பீர்ப் பீப்பாய்களோடு பழகியவருக்குத் தெரியாதா?

அப்படியும் கொஞ்சம் சூடு போகும், கொஞ்சம் வரும். அதனால் ஒவ்வொரு சோதனைக்கும் சக்கரத்தைச் சுழற்றாமல் அதே நேரம் சும்மா வைத்திருந்து, அந்த மாற்றத்தையும் அளந்து கழித்தார். செம்பும் பித்தளையும் குடித்த சூட்டைக் கணக்கில் சேர்த்தார். பாரம் தரையைத் தொடும்போது அதில் மிஞ்சியிருந்த வேகத்தைக் கழித்தார். நூலின் இழுவையைக்கூட விடவில்லை. தண்ணீரில் நாற்பது முறை செய்தபின் பாதரசத்தில் செய்தார். வார்ப்பிரும்புத் தட்டுகளை உரசியும் செய்தார். இரும்பு உரசும்போது ஓசை எழுந்தது. அந்த ஓசையாகப் போன சக்திக்கும் ஒரு சிறு தொகை கழித்தார் என்றால், அவர் எத்தகைய கணக்குப்பிள்ளை என்று பாருங்கள்!

வெப்பமானியைச் செய்துகொடுத்தவர் மான்செஸ்டர் கருவி வினைஞர் ஜான் டான்சர். பழகிய கண்ணுக்கு ஒரு டிகிரியில் இருநூறில் ஒரு பங்கு வரை அதில் தெரியும்.

கிடைத்த விடை 772 அடி-ராத்தல். இன்று நாம் கொள்வது 778. நூற்றுக்கு ஒன்றுகூடப் பிழையில்லை. காந்தச் சுருளில் 838, முதல் துடுப்புச் சக்கரத்தில் 890, அடுத்து 782, பின்பு 772 என்று ஆண்டுதோறும் அந்த எண் நிலைக்கு வந்ததைப் பார்க்கும்போது, கலங்கிய நீர் தெளிவதைப் பார்ப்பதுபோல் இருக்கிறது.

ராயல் சொஸைட்டி இம்முறை ஏற்றது. கட்டுரையை மைக்கேல் பாரடேயே முன்வைத்தார். ஆயினும் ஒரு சங்கடம். உராய்வு என்பது இயந்திர சக்தி வெப்பமாக மாறுவதே என்ற முடிவுரையை, பரிசீலித்த குழுவின் விருப்பப்படி ஜூல் நீக்கவேண்டியதாயிற்று. அளவை ஒப்புக்கொண்டார்கள், அதன் பொருளை அச்சிட அஞ்சினார்கள்.

ஓர் இளைஞர் எழுந்தார்

இதற்கு முன்பே திருப்பம் நிகழ்ந்துவிட்டது. 1847ஆம் ஆண்டு. ஏப்ரல் மாதத்தில் மான்செஸ்டர் செயின்ட் ஆன் தேவாலயத்தின் படிப்பகத்தில் ஜூல் பொதுமக்களுக்கு ஒரு சொற்பொழிவு செய்து, தம் கருத்து முழுவதையும் விளக்கினார். அதை வெளியிட்டது விஞ்ஞானப் பத்திரிகையன்று. உள்ளூர்ச் செய்தித்தாள் ஒன்று. அண்ணன் அத்தாளுக்கு இசை விமரிசனம் எழுதுபவராக இருந்ததால் அந்த இடம் கிடைத்தது.

ஜூன் மாதம் ஆக்ஸ்போர்டில் பிரிட்டிஷ் அசோசியேஷன் கூடியது. நேரம் போதாது, சுருக்கமாகச் சொல்லுங்கள் என்று தலைவர் கேட்டுக்கொண்டார். ஜூல் சுருக்கமாகவே சொன்னார். வழக்கம்போல் அதுவும் கடந்துபோயிருக்கும். ஆனால் அங்கே ஓர் இளைஞர் இருந்தார். கிளாஸ்கோவில் பேராசிரியராகப் புதிதாக அமர்ந்த வில்லியம் தாம்சன்; பின்னாளில் கெல்வின் பிரபு. அந்த ஜூன் மாதத்தில்தான் அவருக்கு 23 வயது நிறைந்தது. ஜூல் சொல்வது தவறாகத்தான் இருக்கவேண்டும் என்று எண்ணிக் கேட்கத் தொடங்கினார். கேட்கக்கேட்க அதில் உண்மை இருப்பதை உணர்ந்தார். அவர் காட்டிய அக்கறையால்தான் அவை அந்தச் சோதனையைப் பொருட்படுத்தியது.

இந்தக் கட்டுரையை எழுதும் எனக்கும் வயது 23. ஆகவே இந்த இடத்தில் சற்று நின்றுவிட்டேன். நாம் எல்லோரும் ஜூலாக முடியாது. ஆயினும் தாம்சன் அன்று செய்ததை நாம் செய்யலாம். கருத்தரங்குகளில் நாவன்மை உடையவர் பேசினால் நாம் நிமிர்ந்து உட்காருகிறோம். திக்கித்திணறிப் பேசுபவர் வந்தால் கடிகாரத்தைப் பார்க்கிறோம். வெளிமாநிலத்துக்கு வந்து, பழகாத மொழியில் தடுமாறும் நம் தமிழ் மாணவர்களுக்கு இதன் வருத்தம் தெரியும். சொல்பவரின் ஆங்கிலத்தைப் பார்க்காமல் அவர் எண்ணைப் பார்த்த ஒருவர் அந்த அவையில் இருந்தார். அதனால் ஒரு விதி தப்பிப் பிழைத்தது.

அதே ஆகஸ்டில் ஜூல் அமீலியா கிரைம்ஸ் என்ற நங்கையை மணந்தார். மணமக்கள் ஆல்ப்ஸ் மலைப்பக்கம் சென்றனர். அங்கே தாம்சன் தற்செயலாக ஜூலைச் சந்தித்தாராம். மனைவி வண்டியில் வர, ஜூல் கையில் நீண்ட வெப்பமானியோடு நடந்து வந்தாராம். அருவி விழும்போது அடியில் உள்ள நீர் மேலே உள்ள நீரைவிடச் சூடாக இருக்கவேண்டுமன்றோ? அதை அளக்க ஆசை. சலான்ஷ் அருவியில் இருவரும் முயன்றனர். நீர் திவலையாகச் சிதறியதால் அளக்க முடியவில்லை. தாம்சன் பல ஆண்டுகள் கழித்துச் சொன்ன கதை இது. எவ்வளவு அலங்காரம் சேர்ந்ததோ! கணக்கு மட்டும் உண்மை. நம் நாட்டு ஜோக் அருவி 253 மீட்டர் விழுகிறது. அந்த வீழ்ச்சியால் நீர் 0.6 செண்டிகிரேட் டிகிரி அளவே சூடேறக்கூடும்.

தொல்லைகளும் துணையும்

விதியைக் கண்டவர் ஜூல் ஒருவரேயல்லர். ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் மேயர், 1840இல் கப்பல் வைத்தியராக ஜாவா சென்றபோது மாலுமிகளின் இரத்தத்தின் நிறத்தைக் கண்டு சிந்திக்கத் தொடங்கி, 1842இலேயே வெப்பத்துக்கும் வேலைக்கும் உள்ள உறவை வெளியிட்டார். யார் முந்தியவர் என்று இங்கிலாந்தில் பின்னர்க் கடும் வழக்கு எழுந்தது. ராயல் சொஸைட்டி 1870இல் ஜூலுக்கும் 1871இல் மேயருக்கும் காப்ளி பதக்கம் அளித்தது. எண்ணத்தில் முந்தியவர் மேயர். அளவையில் நிறுவியவர் ஜூல். இருவருக்கும் உரியதை இருவருக்கும் கொடுப்பதே நியாயம்.

1850இல் ஜூல் ராயல் சொஸைட்டியின் உறுப்பினரானார். 1854ஆம் ஆண்டு துயர ஆண்டு. அமீலியா இறந்தார், பிறந்த குழந்தை ஒன்றும் நிலைக்கவில்லை. மகனும் மகளுமாக இரு சிறு பிள்ளைகள் எஞ்சினர். அதே ஆண்டு ஆலையும் விற்கப்பட்டது. ஜூல் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

துயரத்திலும் சோதனை நிற்கவில்லை. தாம்சனோடு சேர்ந்து 1852 முதல் பத்தாண்டுக் காலம் அவர் செய்த சோதனைகள், அழுத்திய வாயுவை நுண்துளை அடைப்பின் வழியே செலுத்தினால் பெரும்பாலான வாயுக்கள் குளிர்கின்றன என்று காட்டின. இதை வைத்து ஜெர்மனியின் கார்ல் லிண்டே 1895இல் காற்றையே திரவமாக்கினார். லிண்டே தம் முதல் குளிர்விக்கும் எந்திரங்களை யாருக்காகச் செய்தார் தெரியுமா? பீர் ஆலைகளுக்காக! ஆலையில் பிறந்த விஞ்ஞானம் சுற்றி வந்து ஆலை எந்திரக்காரர் கையிலேயே சேர்ந்தது.

முதுமையில் செல்வம் கரைந்தது. 1878இல் அரசாங்கம் ஆண்டுக்கு 200 பவுன் உதவிச்சம்பளம் அளித்தது. அதே ஆண்டு, பிரிட்டிஷ் அசோசியேஷன் வேண்டுகோளின்பேரில் தம் அறுபதாம் வயதில் துடுப்புச் சோதனையை மீண்டும் செய்து 772.55 என்ற விடையை வெளியிட்டார். 1889 அக்டோபர் 11ஆம் நாள் சேல் என்ற ஊரில் காலமானார். அவர் கல்லறைக் கல்லின் உச்சியில் அந்த எண்ணையே பொறித்திருக்கிறார்கள். பட்டத்தையும் பதவியையும் பொறிப்பது உலக வழக்கம். ஓர் எண்ணைப் பொறிக்கும் தகுதி எத்தனை பேருக்கு உண்டு?

நமக்கு என்ன?

என் தந்தையார் ஊரில் சிறிய மளிகைக் கடை வைத்திருக்கிறார். அரை டிகிரிக்கும் கால் டிகிரிக்கும் வித்தியாசம் பார்த்து உனக்கு என்னப்பா ஆகப்போகிறது என்று சென்ற விடுமுறையில் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. ஜூலுக்கு ஆலைப் பணம் இருந்தது. தந்தையார் ஆய்வுக்கூடமே கட்டிக்கொடுத்தார். உதவிச்சம்பளம் நின்றால் ஊருக்கு ரயில் ஏறவேண்டியவன் நான். இந்த வேற்றுமையை மறைத்து ஜூலைப்போல் ஆகுங்கள் என்று உங்களுக்கு உபதேசம் செய்தால் அது பொய்யாகிவிடும்.

ஆயினும் அக்கேள்விக்கு ஜூலின் வாழ்வில் ஒரு விடை இருக்கிறது. அவர் பணத்தால் வாங்கியது வெப்பமானியும் செம்புப் பாத்திரமும். பணத்தால் வாங்க முடியாதவையே அவரை ஜூல் ஆக்கின. மரத்தட்டியை நடுவே வைக்கத் தோன்றிய எண்ணம், சும்மா வைத்தும் ஒருமுறை அளந்த நேர்மை, தம் முதல் எண்ணையே தவறென்று திருத்திக்கொண்ட துணிவு, இவை கடையில் கிடைப்பன அல்ல. கடைத் தராசில் முள் அசைவதற்கு என் தந்தையார் எவ்வளவு காத்திருப்பார் என்பதை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். வாங்குபவருக்கும் விற்பவருக்கும் வஞ்சனையில்லாமல் நிறுக்கும் அந்தக் காத்திருப்புக்கும் ஜூலின் நாற்பது சோதனைகளுக்கும் குலம் ஒன்றுதான். இதை அவருக்குச் சொன்னேன். சிரித்துக்கொண்டு, சரி, முடித்துவிட்டு வா என்றார்.

மான்செஸ்டர் நகர மண்டப வாயிலில் இரண்டு சிலைகள் எதிர்எதிரே அமர்ந்திருக்கின்றன. ஒருபுறம் கணக்குச் சொல்லிக்கொடுத்த டால்டன். மறுபுறம் கணக்குக் கற்ற ஜூல். 1889இல், ஜூல் மறைந்த அதே ஆண்டில், பாரிஸில் கூடிய மின்னியல் மாநாடு அவர் பெயரை அலகாக ஏற்றது. 1948இல் வெப்பத்துக்கும் அதுவே அலகு என்று உலக நாடுகள் முடிவு செய்தன. 2019 முதல் கிலோகிராமின் இலக்கணமே ஜூல்-வினாடியில் நிலைநிறுத்திய ஒரு மாறிலியைக்கொண்டு அமைகிறது.

நண்பர்களே! அடுத்த முறை விடைக்குப் பின்னால் அந்தப் பெயரை எழுதும்போது ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். வேலையும் வெப்பமும் ஒன்றே என்று நாம் இன்று நம்புவது, நிலவறையில் ஒருவர் மூச்சையும் அடக்கி, அரை டிகிரிச் சூட்டைச் சிந்தாமல் காத்ததனால்தான்.